எந்தக் காலத்து வடக்கு?

"வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டால், "எந்தக் காலத்து வடக்கு?" என்று திருப்பிக் கேட்கும் ஒரே ஜீப் டிரைவர் இந்த உலகத்தில் எங்கள் 'துருவம்'தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷன் வேலை பார்க்கிறேன். வாசலில் நிற்கும் வாடகை ஜீப் அவருடையது. ஒருமுறை பாறைகளை ஆராய வந்த இரண்டு பேராசிரியர்களை நாள் முழுக்கச் சுற்றிக் காட்டினார். அவர்கள் பின்சீட்டில் பேசியதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டார். வந்தது வினை.

மறுநாள் என் மேஜையில் ஒரு கமலா ஆரஞ்சை வைத்து, ஸ்வெட்டர் பின்னும் ஊசியை நடுவில் செருகினார்.

"தம்பி, இந்த ஊசியைச் சுத்தித்தான் பூமி சுத்துது. ஊசி வெளிய வர்ற எடந்தான் துருவம். இப்பத் தோலு நழுவுது பாருங்க."

தோலை நழுவவிட்டார். சாறு என் சட்டையில் தெறித்தது.

"ஊசி நகருதாண்ணே?"

"இல்ல, ஊசி அங்கனயே கெடக்கு. தோலுதான் மொத்தமா நகருது. தோலுமேல இருக்க நமக்குத் துருவம் நகர்ற மாதிரித் தெரியுது."

"அப்பக் கொடைக்கானல்?"

"அதுவுந்தான் தோலோட போகுது! கோடிக்கணக்கான வருஷமா மெல்லப் போயிட்டிருக்கோம்."

"எங்கண்ணே போறோம்?"

கொஞ்சம் யோசித்தார். "அத அவுக சொல்றதுக்குள்ள லாட்ஜ் வந்துருச்சு."

அன்றிலிருந்து எனக்கும் குழப்பம். காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஏரி இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் மதுரையிலிருந்து வந்த புதுமாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், பாத்ரூம் கதவு தெறக்க மாட்டேங்குது. வொய்ஃப் உள்ள இருக்கா!"

போய்ப் பார்த்தால், கனத்த தேக்குக் கட்டில் கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

"வடக்கே தலை வைக்கக் கூடாது, ஆனா வடக்கு நகர்ந்துட்டே இருக்குன்னு ஜீப்புக்காரர் சொன்னாரு. நான்தான் திருப்பிப் போட்டேன்."

கதவோடு இறுகிக்கொண்ட கட்டிலை மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். வெளியே வந்த மணப்பெண் பூமியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் அவர்தான் நகர்ந்தார்.

பிரசவத்துக்கு என் மனைவி தாண்டிக்குடியில் தாய்வீட்டில் இருந்தாள். மழைக்காலம். ஒருநாள் மதியம் வலி கண்டுவிட்டது என்று போன் வந்தது. துருவத்தின் ஜீப்பில்தான் ஓடினேன். அவளை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், பட்டிவீரன்பட்டிக்கு இறங்கும் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. வண்டியைத் திருப்பினார். பண்ணைக்காடு ஊர் வழியாகச் சுற்றிப் போகும் பாதையில் மூடுபனி, முன்னால் போகிற மாடுகூடத் தெரியவில்லை. என் போனில் சிக்னல் இல்லை. மனைவி என் கையை நெரிக்கிறாள்.

"அண்ணே, எந்தப் பக்கம் போறோம்னு தெரியுதா?" அழுகையே வந்துவிட்டது.

"சும்மா இருங்க தம்பி. துருவம் நகரக் கோடி வருஷம் ஆகும். இந்த ரோடு போன வாரம்தான் போட்டது, எங்கயும் போயிருக்காது."

தலையை வெளியே நீட்டி, ரோட்டு நடுவிலிருக்கும் வெள்ளைக்கோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். வழியெல்லாம் "பொறுத்துக்கத்தா, வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் கவனித்தேன், அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

பெண் குழந்தை. துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினேன். ஏதாவது விளக்கம் வரும் என்று காத்திருந்தேன். அவர் கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். முகத்தில் விழுந்திருந்த துணியை மெல்ல விலக்கிப் பார்த்தார்.

மகள் இப்போது பேசுகிறாள். அவரைப் 'பெரியப்பா' என்று கூப்பிடுகிறாள். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.