போர்வைக்குள் மூச்சு

மாலை ஐந்து மணி இருபது நிமிடம். காலையில் பிடித்த தூறல் விட்டபாடில்லை. மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்தி வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தம் வாழ்வின் முதல் கொலையைச் செய்வதென்று தீர்மானித்தார்.

தீர்த்துக்கட்டப்பட வேண்டியது சமையல் மேடையில், சிவப்பு மூடி போட்ட பாட்டிலில் இருந்தது. கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து, தினமும் ஒரு பிடி புதுமாவு ஊட்டி, அவர் மனைவி புளிக்கவைத்து வளர்த்துவந்த தாய்மாவு. இதில் ஒரு கரண்டி சேர்த்துப் பிசைந்தால் ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி உப்பும். நூலகத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாள் சாண்ட்விச்சுக்கான ரொட்டியை வீட்டிலேயே சுடத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ரொட்டியைப் பற்றிக் கடைக்காரருக்குக் குறையொன்றும் இல்லை. மறுநாளும் பஞ்சாக இருந்தது. மதியம் கடையில் அதைத்தான் ரசித்துத் தின்றார். அவருடைய வழக்கெல்லாம் போர்வையைப் பற்றியது.

குளிர்காலம் வந்ததும் மாவு பொங்க மறுத்தது. அன்றுமுதல் வீட்டிலிருந்த ஒரே கம்பளிப் போர்வை கைமாறியது.

"என்னங்க, அதைக் கொஞ்சம் குடுங்க."

"எனக்குக் குளிருதே!"

"உங்களுக்குக் குளிர்ந்தா தும்முவீங்க. அவனுக்குக் குளிர்ந்தா எழுந்திருக்கவே மாட்டான்."

"அவனா? எவன்?"

"மாவுதான். மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் அடங்கியிருக்கான்."

சாய்வு நாற்காலியில் அவருடைய இடத்தில், அவருடைய போர்வையைப் போர்த்திக்கொண்டு மாவு அமர்ந்தது. கடைக்காரர் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு மர ஸ்டூலில் அமர்ந்தார்.

அதனால்தான் அன்று, மனைவி வேலையிலிருந்து திரும்புவதற்குள், கெட்டிலில் கொதித்த நீரைப் பாட்டிலுக்குள் ஊற்றினார். உள்ளே ஏதோ 'உஸ்' என்றது. ஒரு குமிழி மட்டும் மேலே வந்து, கண்ணைப் போல அவரை ஒருகணம் வெறித்துப் பார்த்து உடைந்தது. ஆயிரம் கண்களைச் சோதித்தவருக்கே அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தண்ணீரை வடித்து, மூடியைத் திருகி, ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மனைவி வந்தார். பாட்டிலைத் தொட்டார்.

"ஏங்க, இது ஏன் வெதுவெதுன்னு இருக்கு?"

"டீ போட்டேன். பக்கத்துல இருந்திருக்கும்."

"டீ எங்க?"

"குடிச்சுட்டேன்."

"டம்ளர்?"

"கழுவி வெச்சுட்டேன்."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் போர்வையில் சுற்றி உள்ளறைக்குக் கொண்டுபோனார். சற்று நேரத்தில், "மாடி வீட்டு நர்ஸம்மாவோட குடையைக் குடுத்துட்டு வரேன்" என்று தோள்பையுடன் படியேறினார். திரும்பி வந்ததும் உள்ளறையிலிருந்து மூட்டையைத் தூக்கிவந்து சாய்வு நாற்காலியில் வைத்தார். போர்வைக்கு வெளியே நீல மூடி மட்டும் தலைபோலத் தெரிந்தது.

"குளிச்சுட்டு வரேன். பார்த்துக்குங்க."

குளியலறைக் கதவு சாத்தப்பட்டதும் மின்சாரம் போயிற்று.

கடைக்காரர் மெழுகுவத்தியை ஏற்றினார். எதிரே மூட்டை. வெளியே தூறல். இடையே, மிக மெலிதாக, யாரோ உதட்டைப் பிரிப்பதுபோல 'பொளக்' என்றொரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. தம் காதை நம்பாமல், கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போர்வையை விலக்கினார். மாவின் மட்டத்தைக் காட்டப் பாட்டிலைச் சுற்றி மாட்டியிருந்த ரப்பர் பேண்டைத் தாண்டி மாவு ஏறியிருந்தது. கண்ணாடிச் சுவரெங்கும் குமிழிக் கண்கள். எல்லாம் திறந்திருந்தன.

வேகவைத்தது எப்படி வளரும்?

அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, திருகாமல் வைத்திருந்த மூடி ஒருபக்கம் மெல்ல உயர்ந்தது. புளித்த வாசனையுடன் உள்ளிருந்து ஒரு பெருமூச்சு வெளிப்பட்டது.

"ஐயோ! இங்க வாயேன்!"

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மனைவி வந்து நின்றார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் முகம் மட்டும் இருட்டில் மிதந்தது.

"என்னங்க, கத்துறீங்க?"

"அது... மூச்சு விடுது!"

"உயிர் இருந்தா விடத்தானே செய்யும்?"

"இல்லம்மா... அது உயிரோட இருக்கவே கூடாது!"

"ஏன்?"

மெழுகுவத்தி சடசடத்தது. மூடி சரிந்து தரையில் விழுந்து, உருண்டு உருண்டு, கடைக்காரரின் காலடியில் வந்து நின்றது.

"நான்தான்! நான்தான் கொதிக்கிற வெந்நீரை ஊத்தினேன்! போர்வைக்காகத்தான். என்னை மன்னிச்சுடச் சொல்லு!"

"நான் எப்படிச் சொல்றது? உங்களுக்கும் அதுக்கும் நடுவுல நான் யாரு?" அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "பழகின கைக்குத்தான் அது அடங்கும். தினம் விடியக்காலைல நீங்களே தீனி போட்டு, நீங்களே பிசைஞ்சு பாருங்க. மனசு ஆறுதான்னு பார்ப்போம்."

"பிசையறேன். காலம் பூரா பிசையறேன்!"

மறுநாள் விடிந்தபோது தூறல் நின்றிருந்தது. மனைவி கம்பளிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் மணிக்கட்டுவரை பிசுபிசுத்த மாவில் இறங்கி, பயபக்தியுடன் பிசைந்துகொண்டிருந்தார். மருத்துவமனைக்குக் கிளம்பிய நர்ஸம்மா வழியில் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, என்னோட நீல மூடி பாட்டிலை எடுத்துக்கட்டுமா? அக்கா நேத்து அவசரமா வாங்கிட்டு வந்தாங்க. அவங்க குடுத்த மாவுலதான் நானும் வளர்த்தேன். நல்லாப் பொங்குச்சா?"

ஊரார் கண்ணுக்கெல்லாம் நிறம் தெரிகிறதா என்று சோதித்துச் சொல்பவர் நீல மூடியைப் பார்த்தார். அலமாரிக்கு மேலே கவிழ்த்து வைத்திருந்த சிவப்பு மூடியைப் பார்த்தார். எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிளம்பக் கையை இழுத்தார். மாவு விடவில்லை.

சாய்வு நாற்காலியில் போர்வை ஒருமுறை குலுங்கியது.

"முடிச்சதும் அந்தக் கிண்ணத்தையும் கழுவி வெச்சுடுங்க" என்றது போர்வை. "உங்களுக்குத்தான் கழுவத் தெரியுமே!"