ஏலாது மெடம்

யுத்த காலத்துத் திருகோணமலையில் ஒருவருக்கும் பயப்படாத ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் இயக்கத்திலும் இல்லை, படையிலும் இல்லை. எங்கள் ஹோட்டலில் பதினோராம் இலக்க அறையில் இருந்தார்.

அப்போது நான் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு சொகுசு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. சொகுசு என்பது விளம்பரத்தில் இருந்த சொல். நாற்பது அறை, நீச்சல் தடாகம், டென்னிஸ் திடல், நூறு பேர் இருந்து சாப்பிடும் மண்டபம் எல்லாம் இருந்தன. சண்டை தொடங்கியதும் உல்லாசப் பயணிகள் ஓடிவிட்டார்கள். தடாகத்தில் தவளைகள் குடியேறின. டென்னிஸ் திடலில் குசினிச் சமையல்காரர் மரவள்ளி நட்டார். அவர் கிண்ணியாக்காரர், முஸ்லிம் சனம் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எங்களுக்கெல்லாம் நானா. கொழும்புக்கு லீவில் போன மனேஜர் போனவர் போனவர்தான். மிச்சம் பதினெட்டுப் பேர், காற்று வாங்கிக்கொண்டு சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சம்பளத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கடற்கரையில் ஆளில்லாமல் கிடந்த கட்டடமெல்லாம் ஒவ்வொன்றாகப் படை முகாமாகிக்கொண்டிருந்தது. ஒரு விருந்தாளியாவது இருக்கும் வரைக்கும் தரமுடியாது என்று சொல்லிச் சமாளிக்கிறேன், அந்த ஆளும் போனால் பூட்டுத்தான் என்று முதலாளி கடிதம் போட்டிருந்தார். அந்த ஒரு விருந்தாளிதான் மெடம்.

ஏதோ குளிர் நாட்டுக்காரி. அறுபது வயதிருக்கும், ஆறடி உயரம். துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிறேன்களைத் திருத்த ஒரு வெளிநாட்டுக் கம்பனி அனுப்பிய எஞ்சினியர். வந்த அன்றைக்கே நீச்சல் தடாகத்தைக் கேட்டார். ஏலாது என்றோம். வள்ளம் கேட்டார். ஏலாது. சுடுதண்ணீர், வெண்ணெய், பத்திரிகை, பின்னேரம் கடற்கரையில் நடை, எல்லாவற்றுக்கும் ஒரே பதில். மூன்றாம் நாள் மத்தியானம் நானா அவருக்கு முன்னால் சூப்பை வைத்தார். மெடம் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "ஏலாது" என்றார்.

அதுதான் அவர் படித்த முதல் தமிழ்ச் சொல். கடைசிச் சொல்லும் அதுதான்.

மனுசி எங்களைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்லை. படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால் நாற்பது அறைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போடுவார். தினமும் மணியடித்துத்தான் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும், ஒரே ஆள் என்றாலும். தொப்பியும் குறிப்புப் புத்தகமுமாக ஹோட்டல் வளவு முழுக்க அளந்து திரிவார். சலவை அறைக்குப் பின்னால் பாம்புப் புற்று இருப்பதையும் வள்ளம் கட்டும் பாலத்தில் எத்தனையாவது பலகை உக்கியிருக்கிறது என்பதையும் எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். முதல் மாதங்களில் துறைமுகத்திலிருந்து ஜீப் வந்து ஏற்றிப்போகும். பிறகு ஜீப் வராமல் விட்டது. பெற்றோல் தட்டுப்பாடாக்கும் என்று நினைத்தோம். அவர் என்னுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்.

சைக்கிளோடுதான் வீரம் கூடியது. காவலரணில் ஊர்ச்சனம் எல்லாரும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மெடம் இறங்கவில்லை. துவக்கைக் காட்டி இறங்கச் சொன்ன சிப்பாய்க்கு, இருந்த இருப்பிலேயே "ஏலாது" என்றார். அடையாள அட்டை கேட்டதற்கு முதலில் உன்னுடையதைக் காட்டு என்று அவனுடைய பெயரைப் புத்தகத்தில் எழுதினார். அடுத்த கிழமையிலிருந்து அவரைத் தூரத்தில் கண்டாலே தடை மரம் எழும்பிவிடும். நானா கெட்டிக்காரன். தம்பலகாமத்தில் நெல்லரிசி எடுக்கப் போனபோது மெடத்தையும் கூட்டிக்கொண்டு போய், திரும்பி வரும்போது உழவு மெசின் பெட்டியில் அரிசி மூட்டைக்கு மேல் இருத்திக்கொண்டு வந்தார். ஒருவனும் மூட்டையைக் குத்திப் பார்க்கவில்லை.

ஜீப் இன்னும் வந்துகொண்டிருந்த காலத்தில் ஒருநாள் தேநீரில் சாயம் காணாது என்று என்னை அவர் வறுத்தெடுத்தபோது எனக்கும் பொறுமை போய்விட்டது. மெடம், எங்களைத் திட்டுங்கோ, ஆனால் போய்விடாதேங்கோ, நீங்கள் போனால் அடுத்த நாளே இது முகாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கொட்டிவிட்டேன். எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பதினெட்டு என்றேன். அன்று பின்னேரம் பதினெட்டுப் பேரையும் தேடிப் போய்ப் பெயர் கேட்டார். அடுத்த நாள் காலையில் வழக்கம் போலத் தேநீரில் சாயம் காணாது என்றார்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. இரண்டு வாகனத்தில் ஒரு அதிகாரியும் ஆறு சிப்பாய்களும் வந்து மண்டபத்தை நாடாவால் அளந்தார்கள். திங்கட்கிழமை வருகிறோம், சாவிகளை எடுத்து வை என்றார் அதிகாரி. விருந்தாளி இருக்கிறா என்றேன். ஒரு கிழவி இருந்தால் அது ஹோட்டலா என்று கேட்டார்.

மெடம் அந்த நேரம் பார்த்துத்தான் வெளியிலிருந்து வந்தார், கால் முழுக்க மணல். நடு மேசையில் போய் இருந்தார். முழுச் சாப்பாடும் வேண்டும், சூப்பிலிருந்து ஒன்றும் குறையக்கூடாது என்றார். குசினியில் மரவள்ளியும் சூடைமீனும்தான் கிடந்தன. நானா மரவள்ளியிலேயே சூப் வைத்தார், அவித்தார், பொரித்தார், பால்கறி ஆக்கினார், ஒவ்வொன்றையும் வெள்ளித் தட்டில் கொண்டுவந்து வைத்தார். மெடம் அவசரப்படவில்லை. ஒவ்வொரு மீனாக முள்ளெடுத்து, கடலைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். அதிகாரி நின்றுகொண்டே இருந்தார்.

அங்கேதான் நானா பிழை விட்டார். அதிகாரிக்கும் சிப்பாய்களுக்கும் சாப்பாட்டுக் கோப்பை வைத்தார். நான் அவரைக் குசினிக்குள் இழுத்துப் போய், "உங்களுக்கு விசரே, நானா?" என்று கேட்டேன்.

"பசியோட நிக்கிற ஆளுக்கு முன்னால ஒராளுக்கு மட்டும் சாப்பாடு வைக்க எனக்கு ஏலாது, தம்பி. அவன் ஆராயிருந்தால் என்ன."

ஏழு பேரும் இருந்து சாப்பிட்டார்கள், இரண்டாம் தரமும் வாங்கினார்கள். எழும்பியபோது நான் என் பழக்க தோஷத்தில் விருந்தாளிப் புத்தகத்தை நீட்டிவிட்டேன். மனிதரும் பழக்க தோஷத்தில் பெயர், பதவி, திகதி எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்து, உபசரிப்பு மிகச் சிறப்பு என்றும் எழுதினார். வாகனத்தில் ஏறப் போனவருக்கு, இது நடக்கிற ஹோட்டல்தான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது திடீரென்று உறைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொன்னார். புத்தகத்தின் மேல் மெடத்தின் கை இருந்தது.

"ஏலாது."

அவ்வளவுதான் சொன்னார். அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். முகாம் பக்கத்து வளவில் வந்தது.

மாரி தொடங்கியபோது நிவாரண வேலைக்காரர்கள் வந்து ஆறு அறை எடுத்தார்கள். ஒரு கிழமை கழித்து மெடம் பெட்டி கட்டினார். ஏற்றிப்போகக் கொழும்பிலிருந்து கம்பனியின் வான் வண்டி வந்தது. பெட்டிகளை ஏற்றும்போது சாரதி என்னிடம் கேட்டார்.

"இந்த மனுசி இவ்வளவு நாளும் இஞ்ச என்ன செய்தவ?"

"கிறேன் திருத்தினவ."

"கிறேன் வேலை சித்திரையிலேயே முடிஞ்சுது தம்பி. கம்பனி வரச்சொல்லி எத்தினை கடிதம் போட்டது. ஏலாதாம், வேலையே வேண்டாமாம் எண்டு எழுதினவ."

சித்திரைக்குப் பிறகு ஏழு மாதம், ஒவ்வொரு காலையும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலைக்கென்று என் சைக்கிளில் போன மனுசி. கன்னியா வெந்நீர்க் கிணற்றடியிலும் பாலையூற்று ஒழுங்கைகளிலும் அவரைக் கண்டதாகச் சனம் சொன்னபோது, கிழவிக்கு வழி தெரியாமல் போய்விட்டது என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

வான் கதவை நான்தான் சாத்தினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவர் என் சட்டைக் கொலரில் அழுக்கு என்று ஏசத் தொடங்கிவிட்டார். வான் போய்விட்டது. ஒரு நன்றிகூடச் சொல்லவிடாமல் போன அந்த மனுசியில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். வேறு பெயர் சொல்ல வெட்கமாக இருப்பதால் கோபம் என்கிறேன்.