ஆணி அடிக்காத சோடாக் கடை

திருச்சி ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஆணியைக் கண்டாலே சாமி வந்து ஆடுகிற ஆசாரி ஒருவர்தான் கிடைப்பார். அவர்தான் எங்கள் ஜப்பான் ஆசாரி!

சொந்த ஊர் செந்துறை. மலாயாவுக்குப் பிழைக்கப் போய், சண்டையில் மாட்டிக்கொண்டு, அங்கே ஒரு ஜப்பான் தச்சரிடம் வேலை பார்த்தவர். சண்டை ஓய்ந்ததும் கப்பலேறி வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து ஒரே பல்லவிதான்.

"கட்டையும் கட்டையும் கைகோத்துக்கணுங்க. நடுவுல இரும்புக்கு என்னா வேலை?"

அரியலூர் கடைத்தெருவில் நான் சோடாக் கடை போட முனைந்த சமயம் அது. மனை வாடகைக்கு எடுத்தது. பெண்டாட்டி நகையெல்லாம் மரமாக மாறி வந்து இறங்கியிருந்தது. வேலையை ஜப்பான் ஆசாரியிடம் கொடுத்தேன்.

"மாப்ள, ஆணி இல்லாம கடை நிக்குமா? ஆவாத காரியம்!" என்றார் மாமனார்.

அடடா, அந்த வேலையைப் பார்த்திருக்கவேண்டும்! ஒரு கட்டையின் நாக்கு இன்னொரு கட்டையின் வாய்க்குள் போகும். கொட்டாப்புளியால் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு மர ஆப்பு. இரண்டு துண்டும் ஒரே உத்தரம்! சேர்ந்த இடத்தை விரலால் தடவித் தேடினேன், அகப்படவில்லை. ஆசாரி அந்த உத்தரத்தைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சலாடிக் காட்டினார். கடைத்தெருவே கைதட்டியது.

திறப்பு விழாவன்று மாமனார் திருஷ்டிப் பூசணிக்காயும் ஆணியுமாக முக்காலிமேல் ஏறிவிட்டார்.

"எறங்குங்க கீழ!" என்று பாய்ந்தார் ஆசாரி.

"பூசணிக்காய எதுல மாட்டறதாம்?"

"மர முளை செதுக்கித் தரேன். அதுவரைக்கும் கையிலயே புடிச்சிக்கிட்டு நில்லுங்க!"

மாமனார் நின்றார். வந்தவர்களெல்லாம் சோடா குடித்து ஏப்பம் விட்டுப் போகும்வரை நின்றார்.

வியாபாரம் சூடு பிடித்தது. மனைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எடத்தக் காலி பண்ணு. அப்பறம் அங்க எது நின்னாலும் என்னோடது" என்றுவிட்டார். ஆசாரியிடம் ஓடி அழுதேன். அந்த மனுஷன் துள்ளிக் குதிக்கிறார்!

"இதுக்குத்தாங்க காத்துக்கிட்டிருந்தேன்! அவுக்க முடியாதத நான் பூட்டவே மாட்டேன்!"

நல்லவேளையாக எதிர்ச்சாரியில் ஒரு மனை கிடைத்தது. மறுநாள் ஆசாரி ஆப்பைத் தட்டத் தட்டக் கடை அக்கு அக்காகக் கழன்றது. கூரை, சட்டம், உத்தரம் எல்லாம் மாட்டுவண்டி ஏறின. கடைசித் தூண் மட்டும் அசையவே இல்லை. பொழுதோ சாய்ந்துகொண்டிருக்கிறது. தூணின் அடியைக் குனிந்து பார்த்த ஆசாரி, தேள் கொட்டியவர் மாதிரி அலறினார்.

"ஆணி! எவன்யா அடிச்சது?"

மாமனார் தலையைச் சொறிந்தார். "காத்து கருப்பு அண்டக் கூடாதுன்னு... ஒண்ணே ஒண்ணுதாங்க..."

திட்ட நேரமில்லை. மாட்டுக்கு லாடம் அடிப்பவரிடம் குறடு வாங்கி வந்து, ஆசாரியும் மாமனாரும் சேர்ந்து இழுத்தார்கள். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது, இருவரும் மல்லாந்து விழுந்தார்கள், தூணும் கழன்றது! மனைக்காரர் ஆட்களோடு வந்தபோது வெறும் மண்தரைதான் இருந்தது. நடுவில் மாமனார், கையில் பூசணிக்காயோடு.

எதிர்ச்சாரியில் மறுபடி பூட்டிய கடை இன்றும் ஆடாமல் நிற்கிறது. ஆசாரிதான் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போட்டோவுக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தவர் மாமனார். மாட்டுவதற்கு முளை செதுக்கித் தர ஆசாரி இல்லை. ஆணி அடிக்க எங்கள் இருவருக்குமே கை வரவில்லை. கல்லாப்பெட்டிமேல், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் ஜப்பான் ஆசாரி.