தொண்டை இல்லாத பாட்டும் என் தொண்டையும்

இந்த ஆடி மாதம் பாண்டிச்சேரிக்குப் போயே தீருவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தது நானேதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நானாக எடுத்த முடிவுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் ரெண்டு விரல் மிச்சம் இருக்கும்.

என் பெயர் வீரபத்திரன். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் மைக் செட் வைத்திருக்கிறேன். காதுகுத்திலிருந்து கருமாதி வரை ஊரில் யார் நாலு வார்த்தை பேசுவதென்றாலும் என் ஹாரன் வழியாகத்தான் பேச வேண்டும். என் வீட்டில் மட்டும் எனக்கு மைக் கிடையாது.

பாண்டிச்சேரித் திட்டம் போட்டவன் என் சிநேகிதன் வசந்த்குமார். வெள்ளிக்கிழமை காலை கிளம்புவது, கடலைப் பார்ப்பது, இறால் தின்பது, ரெண்டு பாட்டிலை நலம் விசாரிப்பது, ஞாயிறு மாலை நல்ல பிள்ளையாகத் திரும்புவது. ரேணுகாவிடம் உண்மையைச் சொன்னால் விட மாட்டாள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். பொய்யை நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நேரம் ஜப்பானிலிருந்து வந்தது.

ரேணுகா ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே டிரெய்னிங் கொடுக்க வந்த ஜப்பான்காரப் பெண் அவளுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கட்டாயம் கேட்க வேண்டிய பன்னிரண்டு பாட்டு. எதையும் மனிதர் பாடவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரே செய்த குரல். கம்பெனி பஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டு போனவள், வீட்டிலும் போட ஆரம்பித்தாள். குக்கர் விசிலும் அந்தப் பாட்டும் ஒரே சுருதி.

“இன்னா ரேணு இது? கதவுல எலி வாலு மாட்டிக்கினா மாதிரி கீது!”

“நாலாம் நம்பர் பாட்டுய்யா. ஆள் இல்லாத வூட்ல ஒரு பிரிட்ஜ் தனியா கெடந்து அழுவுது. இன்னா உருக்கம் தெரியுமா?”

“பிரிட்ஜு அழுதா மெக்கானிக்க கூப்புடு. யாரு பாடறது?”

“யாருமே இல்ல. ஒரு பொண்ணு க, கா, கின்னு எழுத்து எழுத்தா சொல்லிக் குடுத்துட்டுப் போய்ட்டா. அத்தெ ஒட்டி ஒட்டி கம்ப்யூட்டரே பாடுது. அந்தப் பொண்ணு பாடாத பாட்டெல்லாம் அவ குரல்லயே வருது.”

தொண்டை இல்லாத பாட்டா! முப்பது வருஷமாக ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ சொல்லிச் சொல்லிப் பழுத்த என் தொண்டைக்கு எவ்வளவு பெரிய அவமானம்! ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டேன். எனக்கு அதில் பழக்கம் உண்டு.

ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிற என் மகள் இளமதி அப்போதுதான் லேப்டாப்போடு வந்தாள்.

“நைனா, உன் குரல வெச்சி அதே மாதிரி ஒரு பாட்டு பண்ணலாமா? அம்மாவுக்கு ரொம்ப ஆசை.”

“எனக்கு வேல கீது” என்று முறுக்கிக்கொண்டேன்.

“உன் குரல் மாதிரி அந்த ஜப்பான்ல கூட கெடையாதுய்யா” என்றாள் ரேணுகா.

என் குரலைப் பற்றி அவள் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் உருகிவிட்டேன். உருகினாலும் காரியத்தில் கண்ணாக இருந்தேன்.

“தரேன். ஆனா அடுத்த வெள்ளிக்கெழம ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்கு வேலூர் போவணும். மூணு நாளாவும்.”

“போய்ட்டு வாய்யா. தொழில் முக்கியம் இல்ல?”

இவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கே! ரேணுகாவை ஜெயித்துவிட்டேன் என்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

பதிவு ஆரம்பித்தது. வெளிச்சத்தம் வரக்கூடாதாம். ஃபேனை நிறுத்தி, என்னையும் மைக்கையும் சேர்த்து ஒரு கம்பளியால் மூடிவிட்டார்கள். ஆடி மாதப் புழுக்கத்தில் உள்ளே உட்கார்ந்து “க, கா, கி, கீ” என்றேன்.

“ஏத்தி எறக்காம சொல்லு நைனா.”

“ஙே...”

“இப்ப சரியா கீது. அப்படியே போ.”

வாத்தியார் அடித்தும் ஏறாத இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் மூன்று நாளில் முடித்தேன். நடுவில் ஒருநாள் இளமதி தண்ணீர் குடிக்கப் போன சமயம் வசந்த்குமார் போன் செய்தான். கம்பளிக்குள் இருந்தபடியே கிசுகிசுவென்று பேசினேன். “டேய், அவ நம்பிட்டா. வேலூருன்னு சொல்லிக்கீறேன். பாண்டில ரூம போட்டுடு.” கம்பளியைவிடப் பாதுகாப்பான இடம் வீட்டில் ஏது?

ஞாயிற்றுக்கிழமை கங்கையம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். தீ மிதிக்கிறவர்களுக்கு அன்றைக்குத்தான் காப்பு கட்டுவார்கள். கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், பதினைந்தாம் நாள் தீ மிதிக்கும் வரை கவிச்சி கிடையாது, குடி கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எனக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. வருஷா வருஷம் மற்றவர்கள் மிதிப்பதை மைக்கில் அறிவிப்பதோடு என் பக்தி முடிந்துவிடும்.

காலையில் ஹாரன் கட்டி முடித்தேன். இளமதி வந்து ஒரு பென்டிரைவைக் கொடுத்தாள். “உன் பாட்டு ரெடி நைனா. அம்மன் பாட்டு.”

சொருகினேன். நாலு ஹாரனிலும் என் குரல் எழுந்தது. அடடா! அந்தக் குரலில் இருமல் இல்லை, கரகரப்பு இல்லை. நான் ஏறினால் இறங்கத் தெரியாத இடத்திலெல்லாம் அது ஏறி இறங்கியது. கூழுக்குச் சொம்போடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தர்மகர்த்தா தாண்டவராயன் வேகமாக வந்தார்.

“வீரபத்திரா, யாருய்யா பாடறது?”

கம்ப்யூட்டர் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை.

“நான்தாண்ணே.”

“நீயா! பாட்டு எழுதனது?”

“அதுவும் நான்தாண்ணே. மூணு நாளா தண்ணி கூட குடிக்காம எழுதனேன். வார்த்த ஒண்ணொண்ணும் நெஞ்சுலேர்ந்து வந்துது.”

தாண்டவராயன் கண் கலங்கிவிட்டது. என் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார். நான் கண்ணை மூடித் தலையாட்டி என் பாட்டை ரசித்தேன். அப்போது மூன்றாவது சரணம் வந்தது.

*கட்டு காப்பு என் கையில, கனல் மிதிப்பேன் தாயே,*
*வீரபத்திரன் வாக்கு இது, வெளியூரு போகேனே...*

கண்ணைத் திறந்தேன். பெண்கள் குலவை போட்டார்கள். பம்பைக்காரர் ஒரு தாவு தாவி அடித்தார்.

“அண்ணே, இது... இது நான் இல்லண்ணே!”

“இப்பத்தானய்யா நெஞ்சுலேர்ந்து வந்துதுன்ன?”

“நெஞ்சுலேர்ந்துதான். ஆனா இந்த சரணம் மட்டும்...”

“அம்மன் சன்னதில, மைக்ல, பேரு போட்டு வாக்கு குடுத்துட்டு பின்வாங்கறியா? ஊருக்கு ஆவுமா? நீட்டுய்யா கைய!”

நீட்டினேன். பூசாரி காப்பைக் கட்டினார். கூட்டத்தின் நடுவே ரேணுகா பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். “இன்னா பேஜார் பண்ணி வெச்சிக்கீற! நான் எப்பம்மே வாக்கு குடுத்தேன்?”

“எழுத்தெல்லாம் உன்து. நான் எடம் மாத்தித்தான் வெச்சேன்” என்றாள் ரேணுகா. லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினாள். ‘டேய், அவ நம்பிட்டா. வேலூருன்னு சொல்லிக்கீறேன்...’ என்று என் குரல் கிசுகிசுத்தது. கம்பளிக்குள் மைக்கும் என்னோடு இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷ மைக் செட்காரன் நான்!

கோபம் போய்ப் பயம் வந்தது. உள்ளங்காலைத் தடவிப் பார்த்தேன்.

“ரேணு... தீ ரொம்ப சுடுமா?”

“எதுக்குச் சுடப்போவுது? பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லாதவனுக்கு பூ மாதிரி இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அவள் ஐந்தாம் நம்பர் பாட்டைப் போட்டாள்.

எதற்கும் இருக்கட்டுமென்று தீப்புண் களிம்பு ஒன்று வாங்கி வைக்கக் கிளம்பினேன். மருந்துக்கடை ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ரேணுகாவிடம்தான் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.