இரு இரு மேஸ்திரியும் மூன்று ஸ்பிரிங்குகளும்

கடலூர் மாவட்டத்தில் மொத்தமாக எவ்வளவு பயம் உண்டோ, அதில் பாதியை ஒரே ஆள் சுமந்துகொண்டிருந்தார். மீதியைத்தான் நாங்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

முதுநகரில் அவர் இன்ஜின் மெக்கானிக். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எதைத் தொடப்போனாலும் "இரு இரு" என்று கையைத் தடுப்பதால் இரு இரு மேஸ்திரி. பல்லி கத்தினால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். நாய் படுத்திருந்தால் தெருவையே சுற்றிக்கொண்டு வருவார். பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறினால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்.

"எதுக்கு மேஸ்திரி?"

"வுழுந்துட்டா நீந்த வசதியா இருக்கும்ல?"

அவருக்கு நீச்சல் தெரியாது.

நான் அப்போது சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, முதுநகர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தேன். சுனாமிக்கு அடுத்த வருடம். உப்புத் தண்ணீர் குடித்த மீன்பிடி போட்டு இன்ஜின்கள் வரிசையாகப் பிரித்துப் போடப்பட்டிருந்த காலம். அதில் ஒன்று செல்வமணியுடையது. அவர் நல்ல தைரியசாலி. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு கடல் பக்கம் போகவே இல்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால்கூடப் பிள்ளைகளை வாரிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்துவிடுவார்.

"இன்ஜின் ஓடுச்சுன்னா மனுசன் மறுபடி எழுந்துக்குவாரு அண்ணே. இல்லன்னா இப்படியே உக்காந்துடுவாரு" என்று அவர் மனைவி வள்ளி மேஸ்திரியிடம் சொன்னார்.

மேஸ்திரி இன்ஜினைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் சாமானையும் தனித்தனி டப்பாவில் போட்டுவைத்தார். மறுநாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் வள்ளியக்கா உதவி செய்துவிட்டார். எல்லா டப்பாவையும் ஒரே அண்டாவில் கொட்டி, துரு போகப் புளி போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவைத்துவிட்டார். எல்லாம் கார்த்திகைக்குத் துலக்கிய குத்துவிளக்காக மின்னின. எது எங்கே போகவேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

"பளிச்சுன்னு இருக்குதாண்ணே?"

"ரொம்பப் பளிச்சுன்னு இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டு நாளில் எது எதற்கு என்று எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டார். ஆயில் பிரஷர் வால்வு மட்டும்தான் பாக்கி. மேலும் கீழும் நகர, கட்டைவிரல் பருமனில் ஒரு பிளஞ்சர், அதன் மேல் ஒரு ஸ்பிரிங், ஒரு வாஷர், மூட ஒரு போல்ட். அவ்வளவுதான். எண்ணெயின் அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும், குறைந்தால் மூடிக்கொள்ளும். அண்டாவில் மூன்று ஸ்பிரிங்குகள் இருந்தன. மூன்றும் ஒரே உயரம், ஒரே பருமன். வால்வுக்குரியது ஒன்றுதான்.

"ஏதாவது ஒண்ணைப் போடுங்களேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு கொலைகாரன்.

"லூசான ஸ்பிரிங்கப் போட்டா எண்ணெயெல்லாம் வழியிலேயே திரும்பிடும். பேரிங்குக்குப் போவாது. நடுக்கடல்ல இன்ஜின் இறுகிடும் தம்பி. எறங்கித் தள்ள முடியுமா?"

சிதம்பரத்தில் எங்கள் தெருக் கோடி அரிசி மில்லில் அதே இன்ஜின் ஓடியது. மறுநாள் இருவரும் போய் மில்காரரைக் கெஞ்சி அதை நிறுத்தவைத்து, அதன் ஸ்பிரிங்கைக் கழற்றினோம். மேஸ்திரி அதை முள் தராசில் நிற்கவைத்து, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, அந்த உயரத்துக்கு அமுக்கினார். எத்தனை கிலோ தாங்குகிறது என்று பார்ப்பதற்காம். முள்ளைப் பார்த்து முடித்த நொடியில் ஸ்பிரிங் துள்ளிப் பறந்து தவிட்டுக் குவியலுக்குள் போய்விட்டது.

"என் மில்லு!" என்று அலறினார் மில்காரர். மூன்று பேரும் முக்கால் மணி நேரம் தவிட்டுக்குள் கைவிட்டுத் தேடினோம். கிடைத்தபோது மேஸ்திரி தலை முதல் கால் வரை தவிடு.

பிறகு நாங்கள் கொண்டுபோன மூன்று ஸ்பிரிங்குகளையும் அதேபோல் அமுக்கினார். ஒன்று மட்டும் மில் ஸ்பிரிங் காட்டிய அதே எடையைக் காட்டியது. அதை வேட்டி முனையில் முடிந்துகொண்டு, முதுநகர் வரும்வரை முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. பாலத்தில் செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டார்.

மாட்டும்போது பிளஞ்சரில் எண்ணெய் தடவிக் குழிக்குள் விட்டார். தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கவேண்டும், எங்கும் பிடிக்கக் கூடாது. இறங்கியது. வெளியே எடுத்து மறுபடி விட்டார். இருபது தடவைக்கு மேல் எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். இன்ஜினைப் பூட்டியவர் முதல் ஓட்டத்தில் கூட வரவேண்டும். மேஸ்திரி இதுவரை ஒரு தடவைகூடப் போனதில்லை. காய்ச்சல் வரும், அத்தை இறந்துவிடுவார். அதே அத்தை நான்கு தடவை இறந்திருக்கிறார்.

இன்ஜின் போட்டில் ஏறிய அன்று, வள்ளியோடு வந்த செல்வமணி கரையில் நின்று சொன்னார்: "நீங்க வந்தா நான் எடுக்குறேன் மேஸ்திரி. இல்லன்னா வேணாம்."

மேஸ்திரி கடலைப் பார்த்தார். வள்ளியைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போட்டில் ஏறினார்.

முகத்துவாரம் தாண்டியதும் மேஸ்திரி ஒரு கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆயில் பிரஷர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நான்கில் நின்றது, பிறகு மூன்றரைக்கு வந்தது. மூன்றுக்கு வந்தது. செல்வமணியும் பார்த்துவிட்டார்.

"மேஸ்திரி, எறங்குது! திருப்பிடட்டுமா?"

மேஸ்திரி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். கால்கள் உதறிக்கொண்டிருந்தன. குரல் மட்டும் உதறவில்லை.

"இரு இரு. எண்ணெ சூடாவுது, எறங்கத்தான் செய்யும். நிக்கும் பாரு."

இரண்டே முக்காலில் முள் நின்றது. நின்றது நின்றதுதான். செல்வமணி வெகுநேரம் முள்ளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கடலைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டு வரலாமா?"

"இன்னுமா?" என்று கேட்டுவிட்டு மேஸ்திரி வாந்தி எடுத்தார்.

மறுநாள் செல்வமணி ஆட்களோடு மீன்பிடிக்கப் போனார். மத்தியானம் நான் சாப்பாட்டுக்குப் போகும்போது மேஸ்திரி துறைமுகத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்தே நிற்கிறாராம். ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

"சாப்பிட வாங்க மேஸ்திரி."

"போட்டு வரட்டும்."

நானும் நின்றேன். போட்டு வந்தது. எல்லோரும் எவ்வளவு மீன் என்று கேட்க ஓடினார்கள். இவர் மட்டும், "செல்வமணி, முள்ளு எங்க நின்னுச்சு?" என்று கத்தினார்.

"ரெண்டே முக்கா மேஸ்திரி!"

அதற்குப் பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார். அவர் பூட்டிய ஒவ்வொரு இன்ஜினுக்கும் இப்படித்தான் நிற்பார் என்று பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் சொன்னார். இப்போதும் எங்காவது தூரப் பயணம் கிளம்பினால், நான் போய்ச் சேரும்வரை எனக்காகச் சாப்பிடாமல் பயந்துகொண்டிருக்க அவர் இருந்தால் தேவலை என்று இருக்கிறது.