தாமதம் நிரந்தரமான வரலாறு

பொதுமக்கள் பஸ்ஸுக்காகக் காத்திருப்பது தொன்றுதொட்டு நடந்துவரும் நற்காரியம். அதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று தலைமையகம் ஒருநாள் கேட்டுவைத்ததில்தான் வினை ஆரம்பித்தது.

கேள்வி டிப்போவுக்கு வந்து, மேலாளரின் மேசையில் நன்றாக ஊறி, கடைசியில் புள்ளியம்மாவின் தலையில் விழுந்தது. அவள் பதவி புள்ளிவிவர உதவியாளர். தற்காலிகம். நிரந்தரமானவர்களின் இருக்கைக்கு மேலே மரப்பலகையில் பெயர் எழுதி ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். அவள் பெயர் மட்டும் காகிதத்தில், டேப் போட்டு ஒட்டியிருக்கும். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினால் அது பறந்துபோய் டீசல் கணக்கரின் மேசையில் உட்காரும். வருஷக்கணக்கில் அதைப் பொறுக்கிவந்து ஒட்டிக்கொண்டிருந்தாள் பாவம். ஒரு பலகை, நாலு ஆணி. இதற்கு மேல் அவளுக்குப் பேராசை கிடையாது.

இந்த அறிக்கை சரியாக அமைந்தால் நிரந்தரத்துக்குச் சிபாரிசு செய்வதாக மேலாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவளும் பஸ் பஸ்ஸாக நின்று கணக்கெடுத்து அறிக்கையை எழுதினாள். முதல் வரி இப்படி இருந்தது: 'ஒரு பஸ்ஸின் தாமதத்தை X என்போம். X ஒரு சமவாய்ப்பு மாறி.'

மேலாளர் முதல் வரியைத் தாண்டவில்லை.

"இந்த X எவ்வளவும்மா?"

"அதை இப்பவே சொல்ல முடியாது சார்."

"ஏன், ரகசியமா?"

"இல்ல சார். நாளைக்கு வர்ற பஸ் எவ்வளவு லேட்டுன்னு அது வந்து சேர்ந்தாதான் தெரியும். ரயில்வே கேட் மூடியிருக்கலாம், திறந்திருக்கலாம். என்ன நடக்குதோ அதுக்குத் தகுந்த ஒரு எண் கிடைக்கும். அதுதான் X. நடக்கிறதுக்கு முன்னாடி அதுக்கு இன்னதுதான்னு ஒரு மதிப்பு கிடையாது."

"மதிப்பே இல்லாத ஒண்ணுக்கு என் கையெழுத்தை வாங்கப் பாத்தியே!"

"என்னென்ன எண் வரலாம், எது எவ்வளவு அடிக்கடி வரும்னு சொல்லலாம் சார். இதோ, படம் போட்டிருக்கேன்."

மேலாளர் படத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். இரண்டு பக்கம் இரண்டு மேடு, நடுவில் பள்ளம்.

"தலைமையகத்துக்கு ஒட்டகத்தை எல்லாம் அனுப்ப முடியாதும்மா. ஒரே ஒரு எண்ணாச் சொல்லு."

இந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். படித்தவளாயிற்றே, மூடுவாளா?

"சராசரி பன்னிரண்டு நிமிஷம் சார். ஆனா ஒரு பஸ்கூட பன்னிரண்டு நிமிஷம் லேட்டா வந்ததே இல்ல. கேட் திறந்திருந்தா ரெண்டு மூணு நிமிஷம். மூடியிருந்தா இருபதுக்கு மேல. நடுவுல ஒண்ணுமே கிடையாது."

மேலாளரின் முகம் சிவந்துவிட்டது. "சராசரின்னு ஒண்ணு இருந்தும் ஒருத்தன்கூட அதை மதிக்கலையா? இவ்வளவு ஒழுங்கீனம் என் டிப்போவிலயா?"

மறுநாளே சுற்றறிக்கை பறந்தது. 'இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், இனி எல்லாப் பஸ்களும் பன்னிரண்டு நிமிடம், கூடாமலும் குறையாமலும், தாமதமாக வந்து சேரவேண்டியது. முன்னதாக வரும் பஸ்கள் நிறுத்தத்துக்குச் சற்று முன்பாகச் சாலையில் வரையப்பட்டுள்ள மஞ்சள் கட்டத்தில் நின்று தாமதத்தைப் பூர்த்தி செய்யவேண்டியது. அதற்கும் பிந்தி வருபவை அடுத்த டிரிப்பின் பஸ்களாகப் பாவிக்கப்பட்டு, அந்த டிரிப்புக்குரிய தாமதம் நிறைவேறும்வரை மேற்படி கட்டத்திலேயே நிற்கவேண்டியது.'

ஜனங்கள் கொதித்தெழுவார்கள் என்று புள்ளியம்மா எதிர்பார்த்தாள். ஜனங்கள் மாலை போடாத குறைதான். "முன்னெல்லாம் வருமா வராதான்னு நெஞ்சு அடிச்சுக்கும். இப்ப லேட்டுன்னா லேட்டு, அதுல ஒரு நேர்மை இருக்கு" என்றார்கள். பத்திரிகைகள் நிச்சயமின்மை ஒழிந்ததென்று எழுதின. உடனே ஊர் முழுக்க இதே நாகரிகம் தொற்றிக்கொண்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்புச் சராசரியையே மதிப்பெண்ணாகப் போட்டார்கள். மக்குப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தலைமையாசிரியரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

இந்தச் சாதனையின் பலனாக, புள்ளியம்மாவுக்குத் தலைமையகத்திலிருந்து நிரந்தரப் பணிக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. சிபாரிசு செய்த மேலாளர் சொன்ன சொல் தவறாதவர்.

அன்று காலை ரயில்வே கேட் திறந்திருந்தது. பஸ் பறந்து வந்தது. தலைமையக நிறுத்தம் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், மஞ்சள் கட்டத்தில், டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காலை நீட்டினார்.

"அண்ணே, எனக்கு இன்டர்வியூ. கதவையாவது திறந்துவிடுங்கண்ணே, நடந்து போயிடறேன்."

"கட்டத்துல கதவைத் திறந்தா பஸ் வந்து சேர்ந்த மாதிரி ஆயிடும்மா. சீக்கிரம் வந்ததுக்கு எனக்கு மெமோ வரும்."

"அந்தப் பன்னிரண்டே நான் போட்ட கணக்குதாண்ணே!"

"அப்ப உங்களுக்குத் தெரியாததா? உக்காருங்க."

பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "இத்தனை பேரு பொறுமையா உக்காந்திருக்கோம்ல? உனக்கு மட்டும் என்ன அவசரம்? லேட்டு எல்லாருக்கும் பொது." பஸ் முழுக்க ஆமோதித்தது. புள்ளியம்மாவுக்கு அழுகை முட்டியது. எதிரே தெரிகிற கட்டடத்தில் அவளுடைய பலகை, கைக்கு எட்டாமல் நின்றது.

தாமதம் பூர்த்தியாகி பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் குதித்து இறங்கி, மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் இருந்த பியூன் கடிகாரத்தைப் பார்த்து, "சரியா பன்னிரண்டு நிமிஷம் லேட்டு. போங்கம்மா, அவங்களும் இப்பதான் வந்து உக்காந்தாங்க" என்றான்.

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரே கேள்விதான். சமவாய்ப்பு மாறின்னா என்ன?"

புள்ளியம்மாவுக்கு விடை நுனிநாக்கில் இருந்தது. கேட், மேடு, பள்ளம், எல்லாம். வாயைத் திறந்தாள். சுவரில் நாலு ஆணியடித்து அந்த அதிகாரியின் பெயர்ப்பலகை பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"பன்னிரண்டு சார்" என்றாள்.

மூவரும் முகம் மலர்ந்தார்கள். "அபாரம்! நேத்து வந்ததுங்க எல்லாம் என்னென்னவோ உளறிட்டுப் போச்சு. வேலை உங்களுக்குத்தான்."

அவமானமாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது. ஆனந்தம் கொஞ்சம் கூட. "ஆணை எப்ப சார் கிடைக்கும்?"

"அது கொஞ்சம் லேட்டாகும்."

"எவ்வளவு சார்?"

"பன்னிரண்டு."

"நிமிஷமா சார்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளா? மாசமா? இல்ல..." அதற்கு மேல் கேட்க அவளுக்கே பயமாக இருந்தது.

நடுவில் இருந்தவர் பரிவோடு சொன்னார். "அது எப்படிம்மா இப்பவே சொல்ல முடியும்? ஆணை வந்து சேர்ந்தாதான் தெரியும்."

துறையில் ஒருவருக்காவது சமவாய்ப்பு மாறி புரிந்துவிட்டதே என்று புள்ளியம்மா சந்தோஷப்படப் பார்த்தாள். முடியவில்லை. டிப்போவுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, புதிதாக ஒரு டேப் சுருள் வேண்டுமென்று மேலாளருக்கு மனு எழுதினாள். பெரிய சுருளாக.