பதினோரு விநாடி

அன்புள்ள மைத்துனருக்கு, அத்தான் எழுதுவது. நான் நலம் என்று எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் உங்கள் அக்கா பேசி, நீங்கள் பதிவு செய்த சிடியை எட்டு மாதமாகக் கேட்கத் தைரியம் வரவில்லை. மேசையில் கிடந்தது, அதன்மேல் டீ டம்ளர்கூட வைத்தேன், திட்ட ஆளில்லை. போன வாரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கறை போகட்டுமென்று, அவள் பாத்திரம் தேய்க்கக் கற்றுக்கொடுத்தபடியே சோப்புத்தூள் போட்டு வட்டவட்டமாகத் தேய்த்துத் துடைத்து, பிளேயரில் போட்டேன். அவள் குரல்: “பீரோ சாவி சர்க்கரை டப்பால இருக்கு. பிரஷர் மாத்திரை காலையில, மறந்துட்டு ரெண்டு போட்டுக்காதீங்க. நான் இல்லாதப்ப நீங்க...” அவ்வளவுதான். பதினோரு விநாடி ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், “பாலை மூடி வைங்க.” முடிந்தது.

ரேடியோ ரிப்பேர்காரரிடம் ஓடினேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். “வட்டமாவா தேய்ச்சீங்க? சார், இதுல பேச்செல்லாம் கண்ணுக்குத் தெரியாத குழிங்க. ஒவ்வொரு வார்த்தையையும் பிச்சுப் பிச்சு தள்ளித் தள்ளி வச்சிருக்கும், சரிபார்க்க உபரி எண்ணும் இருக்கும். குறுக்கால கீறினா அங்கங்க துளி போகும், கணக்குப் போட்டு நிரப்பிக்கும். மிஞ்சினா முன்ன பின்ன பாத்து ஊகிக்கும். அதுவும் முடியலன்னா வாயை மூடிக்கும். நீங்க பாதையோட பாதையா கீறிட்டீங்க.”

உங்கள் அக்காவும் முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தானே குடும்பம் நடத்தினாள்? நான் சொல்லாமல் விழுங்கியதை நிரப்பிக்கொள்வாள், ஊகிப்பாள், முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்வாள். கடைசியாக அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் தேய்த்தே கொன்றுவிட்டேன் மைத்துனரே. நான் இல்லாதப்ப நீங்க என்ன? சாப்பிடணுமா, அழக்கூடாதா, உங்களோடு சண்டை போடக்கூடாதா? மூன்று நாளாகத் தூக்கமில்லை. பதிவு செய்யும்போது நீங்களாவது பக்கத்தில் நின்று கேட்டிருக்கக்கூடாதா, அக்கா வெளியே போகச் சொன்னால் உடனே போய்விடுவதா? எங்காவது நகல் இருந்தால் உடனே அனுப்புங்கள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு. உறையை ஒட்டும்போது ரிப்பேர்காரர் போன் செய்தார். அவரிடம் விட்டுவந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாராம். “ஒரு துளி போகல சார், கீறலையெல்லாம் அதுவே சரி பண்ணிடுச்சு. பழுதா இருந்தா சத்தமே இருக்காது. அந்த இடத்துல ஃபேன் ஓடுது, கேளுங்க.” என் காதுதான் உங்களுக்குத் தெரியுமே. கடைக்குப் போய், ஹெட்போன் மாட்டி, சத்தத்தை முழுக்கக் கூட்டிக் கேட்டேன். ஃபேன் ஓடுகிறது. பதினோரு விநாடியும் அவள் அழுகிறாள். நகல் வேண்டாம். பாலை மூடி வைத்துவிட்டேன்.